காலமும் கணிப்பொறியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில், கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் ஒருவனையும் மேடையேற்றியிருக்கிறீர்கள். தலைவாழை இலையில் பாகற்காய்க் கறிக்கும் ஓர் இடம் உண்டு என்னும் துணிவோடு வந்து நிற்கிறேன். காலத்தைப் பற்றித் தத்துவம் பேச நான் வரவில்லை. அதற்குரிய புலமையும் எனக்கு இல்லை. மணி என்ன, நாள் என்ன என்பதைக் கணிப்பொறி எங்ஙனம் அறிகிறது, எங்கே தவறுகிறது, அத்தவறு மனிதர் வாழ்வை எங்ஙனம் தொடுகிறது என்பனவே என் பேச்சு. அத்தவறுகளுள் ஒன்று நானே செய்தது. அதையும் ஒளிக்காமல் கூறுவேன்.

சென்னையிலிருந்து இந்தக் கொல்கத்தாவுக்கு வந்த முதல் ஆண்டு நம்முள் பலருக்கும் நினைவிருக்கும். திருக்கார்த்திகையன்று விளக்கேற்ற ஐந்தரை மணிக்கு மேல் ஆகட்டும் என்று நாம் காத்திருந்தோம். இங்கோ ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்து, தெருவெல்லாம் இருள் சூழ்ந்துவிட்டது. கடிகாரம் ஒன்று, கதிரவன் வேறு! காரணம் எளியது. நிலவுலகம் ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் கீழ்மேலாக ஏறக்குறைய எட்டுப் பாகை வேறுபாடு. ஆகவே இங்கே நண்பகல் சென்னையைவிட அரை மணிக்குச் சற்று மேலாகவே முந்தி வருகிறது.

முற்காலத்தில் அவ்வவ்வூர்க் கதிரவனே அவ்வவ்வூருக்கு மணி காட்டினான். இருப்புப்பாதை வந்தபின் அவ்வழக்கம் செல்லாதாயிற்று. கொல்கத்தா நேரம் கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 53 நிமிடமும் சில விநாடிகளும் முந்தியிருந்தது. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம் முந்தியிருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்டது சென்னை நேரம்; அது 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வுக்கூடம் கணித்த இந்த நேரத்தையே இந்திய இருப்புப்பாதைகள் தம் கால அட்டவணைக்கு அடிப்படையாகக் கொண்டன. பின்னர் 1906 சனவரி முதல் நாள், மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகை நெடுங்கோட்டைக் கொண்டு, ஐந்தரை மணி என்னும் இந்தியப் பொது நேரம் வகுக்கப்பட்டது. ஆயினும் இம்மாநகர் தன் பழைய நேரத்தை 1948 வரை கைவிடவில்லை. பம்பாய் 1955 வரை கைவிடவில்லை.

ஆகவே, 1930இல் இந்நகரில் ஒரு குழந்தை காலை ஆறு மணிக்குப் பிறந்தது என்று ஒரு பழைய ஏடு கூறுமானால், 'எந்த ஆறு மணி?' என்று நாம் கேட்டாக வேண்டும். நகரத்து ஆறு மணியா? நாட்டின் ஆறு மணியா? இரண்டுக்கும் ஏறக்குறைய 24 நிமிட வேறுபாடு உண்டு. ஓர் எண்ணை மட்டும் எழுதிவைத்து, அஃது எந்த ஊர்க் கணக்கு என்பதை எழுதாமல் விட்டால், எண் இருந்தும் பொருள் இல்லை. கணிப்பொறித் துறையில் நாள்தோறும் நிகழும் குழப்பத்தின் வேர் இதுவே.

நிற்க. கணிப்பொறி தன்னுள்ளே காலத்தை எங்ஙனம் எண்ணுகிறது? பெரும்பாலானவற்றில் வழங்குவது யூனிக்ஸ் முறை. 1970 சனவரி முதல் நாள், கிரீனிச்சில் நள்ளிரவு, அதாவது நமக்குக் காலை ஐந்தரை மணி, என்பதைத் தொடக்கமாகக் கொண்டு விநாடிகளை எண்ணிக்கொண்டே செல்வது அம்முறை. இது நமக்குப் புதியதன்று. நம் பஞ்சாங்கக் கணிதர் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணி, அகர்க்கணம் என்னும் ஒரே தொகையாகக் கொண்டு கணித்தனர். அவர்கள் நாளை எண்ணினர். பொறி விநாடியை எண்ணுகிறது. முறை ஒன்றே.

அவ்விநாடித் தொகையை உள்ளூர் மணியாக மாற்ற, எந்த ஊரில் எந்த ஆண்டில் என்ன நேரம் வழங்கியது என்னும் வரலாறு வேண்டும். அவ்வரலாற்றை 1980களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பார் தொகுக்கத் தொடங்கினார். பின்னர் பால் எகெர்ட் என்பார் அப்பணியை மேற்கொண்டார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஊதியம் கருதாது திருத்தங்களை அனுப்பி அதனை வளர்த்துவருகின்றனர். 2011 முதல் ஐயானா என்னும் அமைப்பு அதற்கு இடமளித்துள்ளது. உங்கள் கைப்பேசிக்குள்ளும் அத்தொகுப்பு இருக்கிறது. அதில் இந்தியா முழுமைக்கும் உரிய பகுதியின் பெயர் யாது தெரியுமா? டில்லியன்று, மும்பையன்று, 'ஏஷியா/கொல்கத்தா'! முன்னர் 'ஏஷியா/கல்கத்தா' என்றிருந்தது. நகரின் பெயர் 2001இல் மாறியபின், தொகுப்பிலும் பெயர் மாற்றப்பட்டது. எனினும் பழைய நிரல்கள் நின்றுவிடாதிருக்கப் பழைய பெயரும் ஏற்கப்படுகிறது.

அப்பகுதியைத் திறந்து பார்த்தால் தமிழர் நெஞ்சம் மகிழும் ஒரு வரி உண்டு. 1870 முதல் 1905 இறுதி வரை இந்தியாவின் நேரம் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அது நம் சென்னை நேரமேயன்றோ! நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தின் மணி, உலகத்துக் கணிப்பொறிகளிலெல்லாம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியாவின் கடிகாரம் ஒரு மணி முன்தள்ளி வைக்கப்பட்டது. அக்காலத்தில் நம் நேரம் ஐந்தரை மணியன்று, ஆறரை மணி. இச்செய்தியை நான் நூலில் படித்து அறிந்தேனல்லன். என் தவற்றின் வாயிலாக அறிந்தேன். அதை இப்பொழுது கூறுகிறேன்.

2009ஆம் ஆண்டில் நான் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் பதிவேடுகளைப் பழைய பொறியிலிருந்து புதிய பொறிக்கு மாற்றும் பணியில் இருந்தேன். பழைய பொறி பிறந்த நாளை நாள், மாதம், ஆண்டு என மூன்று எண்களாக வைத்திருந்தது. புதிய ஏட்டை வகுத்த நான், பிறந்த நாளுக்கு உரிய கட்டத்தில் ஒரு 'கணத்தை' வைத்தேன். நாள் மட்டும் இருந்தால் போதாது, மணியும் வேண்டும் என்று பொறி கேட்டது. நள்ளிரவு என்று கொடுத்தேன். அதைப் பொறி உலகப் பொது நேரமாக மாற்றி வைத்துக்கொண்டது. இந்தியாவில் நள்ளிரவு என்றால் உலகப் பொது நேரப்படி முந்தைய நாள் மாலை 6.30 மணி. அச்சிடும்பொழுது மணியை நீக்கிவிட்டு நாளை மட்டும் அச்சிட்டேன். விளைவு, அத்தனை பேரும் ஒரு நாள் முன்னதாகப் பிறந்தவராயினர்!

ஒரு நாள்தானே, என்ன குறை என்று எண்ணலாம். அந்நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது; அரசு அலுவலகங்களிலும் அவ்விதி உண்டு. அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும். ஆனால் மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர், அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவார். 1949 ஜூலை 2ஆம் நாள் பிறந்த ஃபிட்டர் ஒருவர் அங்கே பணியாற்றினார். அவர் 2009 ஜூலை 31 அன்று ஓய்வு பெற வேண்டியவர். என் நிரல் அவரை ஜூலை முதல் நாள் பிறந்தவராக்கிவிட்டது. ஆகவே ஜூன் 30 அன்றே விடைபெறுமாறு அவருக்கு ஓலை போயிற்று. ஒரு மாத ஊதியம் போயிற்று. ஜூலை முதல் நாள் வரவேண்டிய ஊதிய உயர்வும் போயிற்று. அதனால் வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியத்தில் ஒரு குறையும் வரவிருந்தது.

அவர் அந்த ஓலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் மேசைமுன் வந்து நின்றார். சினந்து பேசவில்லை. "என் தாய்க்குத் தெரியாத ஒன்று உங்கள் பொறிக்குத் தெரிந்திருக்கிறது, ஐயா; நான் ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டேனாம்" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. முப்பத்தாறு ஆண்டு உழைத்த கைகளின் முன் நான் தலை கவிழ்ந்து நின்றேன்.

அன்றிரவே பதிவேடு முழுவதிலும் ஐந்தரை மணியைக் கூட்டித் திருத்தினேன். ஃபிட்டருக்கு அவர் பிறந்த நாள் திரும்பக் கிடைத்தது. ஜூலை முடியப் பணியாற்றி மதிப்போடு விடைபெற்றார். சிக்கல் தீர்ந்தது என்று நான் நிமிர்ந்தேன். தீரவில்லை!

சில வாரங்கள் கழித்து, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். 1943 மார்ச் 10ஆம் நாள் பிறந்தவர். திருத்திய பின்னும் அவருக்கு மார்ச் 9 என்றே ஏடு காட்டியது. திருத்தும் முன் எடுத்துவைத்திருந்த படியைப் புரட்டினேன். மற்றவர்க்கெல்லாம் மாலை 6.30 என்றிருக்க, அவருக்கு மட்டும் மாலை 5.30 என்றிருந்தது. ஐந்தரை மணியைக் கூட்டினால் இரவு 11 மணிதான் ஆகிறது, நாள் மாறவில்லை. பொறிக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று ஐயுற்றேன். அவ்வாண்டுகளில் பிறந்தவர் அனைவரையும் தேடினேன். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அதே ஒரு மணிக் குறை!

நம் சங்கத்தில் சாதகம் கணிக்கவல்ல பெரியவர் ஒருவரிடம் இதைக் கூறினேன். அவர் சிரித்தார். "தம்பி, அது யுத்த நேரம் அல்லவா? அக்காலத்தில் பிறந்தவர்க்கு ஒரு மணியைக் கழித்துத்தான் லக்கினம் பார்ப்போம்" என்றார். நான் பல நாள் தேடிய விடையை அவர் ஒரு நொடியில் தந்துவிட்டார். பொறி தவறவில்லை, போரை அது நினைவில் வைத்திருந்தது. நான்தான் மறந்திருந்தேன்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியால் நான் கற்ற பாடம் ஒன்று. நாம் 'காலம்' என்று ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் மூன்று பொருள்கள்.

முதலாவது, நிகழ்ந்து முடிந்த கணம். வங்கியில் பணம் செலுத்தியது, தந்தி போன்ற செய்தி அனுப்பியது, வண்டி புறப்பட்டது ஆகியவை. இவை உலகெங்கும் ஒரே கணம். இவற்றை உலகப் பொது நேரத்தில் எழுதிவைப்பதே முறை. காண்போர் எந்த ஊரிலிருந்து காண்கிறாரோ அந்த ஊர் நேரமாக மாற்றிக் காட்டலாம்.

இரண்டாவது, நாள். பிறந்த நாள், திருமண நாள், ஓய்வு பெறும் நாள் ஆகியவை. இவற்றுக்கு மணியும் இல்லை, ஊரும் இல்லை. கொல்கத்தாவில் ஜூலை 2 அன்று பிறந்தவர் நியூயார்க்குக்குப் போனாலும் ஜூலை 2 அன்று பிறந்தவரே. இவற்றைக் கணமாக்கி மாற்றவே கூடாது. நாள், மாதம், ஆண்டு என்று எழுதியவாறே காக்க வேண்டும். நான் செய்த தவறு இரண்டாவதை முதலாவதாகக் கருதியது. இளைஞர் பலர் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இக்கண்ணி உண்டு. ஆண்டு, மாதம், நாள் என்று சிறுகோடிட்டு எழுதிய தேதியை அது கிரீனிச் நள்ளிரவாகக் கொள்கிறது. இந்தியாவில் அது காலை ஐந்தரை மணி. நாள் சரியாகவே தெரியும். அதே நிரல் அமெரிக்காவில் ஓடும்பொழுது முந்தைய நாளைக் காட்டும். இங்கே சோதித்துச் சரி என்று அனுப்பிய நிரல், அங்கே தவறுவது இதனால்தான்.

மூன்றாவது, இனி வரவிருக்கும் நேரம். 'கொழும்பில் அடுத்த மாதம் 20ஆம் நாள் காலை 9 மணிக்குக் கூட்டம்' என்பது போன்றது. இதை இன்றே உலகப் பொது நேரமாக மாற்றி வைத்தல் கூடாது. ஏன்? அரசுகள் இடையில் நேரத்தை மாற்றக்கூடும். இலங்கை அரசு 1996 மே மாதம் கடிகாரத்தை ஆறரை மணிக்கும், அவ்வாண்டு அக்டோபரில் ஆறு மணிக்கும் மாற்றியது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அம்மாற்றத்துக்கு முன்பே குறித்துவைத்த 9 மணிக் கூட்டம், மாற்றத்தின் பின் 8.30 மணி என்று காட்டும். ஆகவே உள்ளூர் மணியையும் ஊர்ப்பகுதியின் பெயரையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். 'ஐந்தரை' என்னும் எண் மட்டும் போதாது. எண் இன்றைய நிலையைக் கூறும்; பெயரோ வரலாற்றைக் கூறும்.

அமெரிக்காவிலுள்ள மகனோடு பேசும் தாய்மார்கள் இதை நன்கு அறிவீர்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி வேறுபாடு, கோடையில் ஒன்பதரை. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அங்கே இரண்டு மணி முதல் மூன்று மணி வரை உள்ள நேரமே இல்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று ஒன்று முதல் இரண்டு வரை உள்ள நேரம் இருமுறை வருகிறது. அங்கே 'ஒன்றரை மணிக்கு மருந்து' என்று நிரல் எழுதினால், ஒருமுறையா இருமுறையா என்று நிரலர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மணியின் கதை இதுவாயின், நாள்காட்டியின் கதை இதனினும் சுவையானது. சித்திரை முதல் நாளை நாம் பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று கொண்டாடுகிறோம். நம் அண்டை வீட்டு வங்காள நண்பர்கள் பொய்லா பொய்ஷாக்கை ஏப்ரல் 15 அன்று கொண்டாடுகின்றனர். இருவர்க்கும் கதிரவன் ஒருவனே; அவன் மேட ராசியில் புகும் கணமும் ஒன்றே. வேறுபடுவது விதி. தமிழ் மரபில், சங்கராந்தி சூரியன் மறையும் முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு; மறைந்தபின் எனில் மறுநாள். வங்காள மரபில் நள்ளிரவே எல்லை. அதற்கு முன் நிகழ்ந்தால் மறுநாளும், பின் நிகழ்ந்தால் அதற்கடுத்த நாளும் மாதம் பிறக்கும். எல்லைக்கு அப்பால் டாக்காவிலோ ஏப்ரல் 14 என்றே நிலையாக வரையறுத்துவிட்டனர். ஆகவே ஒரு தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் நிரலை எழுதுவோர், 'யாருடைய விதி? எந்த ஊரில் சூரியன் மறைவது?' என்று முதலில் கேட்க வேண்டும். இந்நாட்டில் ஏறக்குறைய முப்பது நாள்காட்டிகள் வழங்கியதைக் கண்டே, 1952இல் மேகநாத் சாகா தலைமையில் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1957 மார்ச் 22 அன்று சக ஆண்டு 1879இன் தொடக்கத்தோடு தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதிகள் வழங்குவதும் உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. பிரெஞ்சுக்காரர் கிரிகோரி நாள்காட்டியை மேற்கொண்டிருந்தனர். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாள்காட்டியையே பின்பற்றினர். இதை அறியாத நிரல், ஒரு கோட்டை இருமுறை விழுந்ததாகக் கூறும்.

நம் அறுபதாண்டுச் சுழற்சியிலும் இத்தகைய இடர் உண்டு. 'விகாரி ஆண்டு' என்று மட்டும் எழுதிய ஓர் ஆவணம் 1959ஐயும் குறிக்கலாம், 2019ஐயும் குறிக்கலாம். இரண்டே இலக்கங்களால் ஆண்டை எழுதிவிட்டு, 2000 பிறக்கும்பொழுது கணிப்பொறித் துறையினர் அஞ்சி நடுங்கியதும் இதே பிழையால்தான்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டியாக விளங்கிய தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூராமல் இருத்தல் நன்றியன்று. திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் வரும் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கொண்டு ஆங்கிலத் தேதியைக் காண வழிவகுத்தார். கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் கணித்த 'இந்தியன் எபிமெரிஸ்' என்னும் அவருடைய பெருந்தொகுதி 1922இல் வெளிவந்தது. கணிப்பொறி இல்லாத காலத்தில், காகிதமும் பேனாவும் கொண்டு செய்த பணி அது. இன்று பொறியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஒரு நாள் தவறினால், அப்பெரியார்முன் நமக்கு நாணம் வேண்டாமா?

நிரல் எழுதும் இளைஞர்களே! ஒரு தேதியைக் கையில் எடுக்கும்பொழுதெல்லாம், 'இது கணமா, நாளா, வரவிருக்கும் நேரமா?' என்று ஒருமுறை கேளுங்கள். நேரத்தை நீங்களே கூட்டிக் கழிக்காதீர்கள். ஊர்ப்பகுதித் தொகுப்பிடம் விடுங்கள். சிறிய கட்டத்தில் விநாடியை எண்ணும் பழைய பொறிகளுக்கு 2038 சனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு கட்டம் நிறைந்துவிடும்; அடுத்த விநாடியில் அவை 1901க்குத் திரும்பிவிடும். உங்கள் பொறுப்பில் அத்தகைய பொறி இருக்குமாயின் இன்றே மாற்றத் தொடங்குங்கள்.

பெரியோர்களே! உங்கள் ஓய்வூதிய ஏட்டையும் காப்பீட்டுத் தாளையும் அடையாள அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பிறந்த நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேறுபட்டிருந்தால் உங்கள் நினைவின்மேல் ஐயம் கொள்ள வேண்டாம். எங்கோ என்னைப் போன்ற ஒருவன், நள்ளிரவை மாலையாக்கியிருப்பான். தயங்காமல் கேளுங்கள், திருத்தித் தருவது எங்கள் கடமை.

பொறிக்கு ஒவ்வொரு நாளும் ஓர் எண். மனிதனுக்கோ அவன் பிறந்த நாள் அவன் தாய் கூறியது. எண் பிழைத்தால் எண்ணைத் திருத்துவோம். தாயின் சொல்லைத் திருத்த வேண்டாம்.